முகத்துவாரம் வெட்டிய மறுநாள்

போன கிழமை மருமகன் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்: “மாமி, முகத்துவாரம் வெட்டியாச்சோ? தோணியில வாறதோ, நடந்து வாறதோ?”

கேள்விக்குள்ளே ஒரு பகிடி. எனக்கு விளங்காதா என்ன?

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து எங்கள் களப்பு அப்படி. கோடையில் கடலோரம் மணல் ஏறி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் மூடிவிடும். மாரியில் மழைத்தண்ணீர் போக வழியின்றி எங்கள் வேலி வரை வரும். தோணியை வாசலிலேயே கட்டலாம். வயலுக்குள் தண்ணீர் ஏறினால் ஆண்கள் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டிவிடுவார்கள். ஒரே இரவில் களப்பு வற்றி, தண்ணீர் கடலுக்குப் போய்விடும்.

சில வருசத்துக்கு முந்திய ஒரு மாரியில் மகளைப் பெண் பார்க்க அக்கரையிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதாவது சரிவர வேண்டாமா? “தோணியிலேயே வாருங்கள், வாசலில் இறங்கலாம்” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். எத்தனை வீட்டுக்கு அந்த வசதி?

முதல்நாள் பின்னேரம் என் வீட்டுக்காரர் சேறும் சிரிப்புமாக வந்தார்.

“வெட்டிப்போட்டம்! வயல் தப்பிச்சுது!”

“நாளைக்கு ஆர் வாறது எண்டு ஞாபகம் இருக்கோ?”

சிரிப்பு போய்விட்டது. சேறு மட்டும் இருந்தது.

விடிந்தால் வாசலில் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளை வீட்டுத் தோணி, கம்பு ஊன்றித் தள்ளித் தள்ளி வந்து, கூப்பிடு தூரத்தில் சேற்றில் இறுகி நின்றது. உள்ளே மாப்பிள்ளையின் பெரியம்மா — பட்டுச்சேலை, மடியில் பலகாரத் தட்டு.

“என்னால இறங்க ஏலாது! தண்ணி வரட்டும்!”

“தண்ணி இனி அடுத்த மழைக்குத்தான்” என்றார் என் வீட்டுக்காரர். உண்மை பேச நேரம் பார்த்தார்!

மாப்பிள்ளை இறங்கினார். தோணியைத் தள்ளத்தான் என்று நினைத்தேன். காலடியில் ஒரு மணலை மீன் துள்ளியது... தோணியும் மறந்தது, பெரியம்மாவும் மறந்தது. தோள் சால்வையை விரித்து அமுக்குகிறார். மீன் வழுக்குகிறது.

குசினியில் இருக்க வேண்டிய என் மகள் எங்கே? புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீன் மேல் கவிழ்க்கும் கரப்புக் கூடையோடு சேற்றுக்குள் நிற்கிறாள்!

“சால்வையால ஆரும் மீன் பிடிப்பினமோ? தள்ளி நில்லுங்கோ!”

“அங்க இன்னொண்டு!”

“கத்தாதேயுங்கோ, ஓடிப்போயிடும்.”

இதுவும் தட்டிப்போச்சு என்று தலையில் கை வைத்தேன். அப்போது தோணிக்குள்ளிருந்து ஒரு சத்தம்:

“பிள்ளை! இஞ்சால ஒண்டு துள்ளுது... கெதியாக் கவிழ்!”

பெரியம்மா! பலகாரத் தட்டு மடியில் இல்லை. மீன் போட அதைக் காலி செய்துகொண்டிருந்தார்.

தட்டு நிறைந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சம்பந்தி, பொம்பிளை பாத்தாச்சு. எங்களுக்குச் சம்மதம். இனி என்னை ஆர் தூக்குறது?”

பெரியம்மாவைக் கதிரையில் இருத்தி, முகத்துவாரம் வெட்டினவரையே சுமக்க வைத்தேன்.

நல்ல நேரமெல்லாம் பார்த்துத்தான் நாங்கள் நாள் குறிக்கிறோம். களப்பை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மருமகனுக்கு மறுமொழி அனுப்பிவிட்டேன்: “வெட்டியாச்சு, நடந்து வாங்கோ. சால்வை வேண்டாம்.”