சுண்ணாம்புப் பொட்டு

நாகலெட்சுமிக்கு வீம்பு அதிகம். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் தங்காமல், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனிக்கட்டையாய்க் கிடந்தவளுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்த வேலாயிதான் எல்லாம். அந்த வேலாயியோடும் ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளி வைக்கிற இடத்துக்காகச் சண்டை பிடித்து, "இனிமே ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடியே நடந்தும் காட்டினாள், மகராசி.

நாலு மாதம் கழித்து வேலாயி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்டது. லயமே கூடி அழுதது. நாகலெட்சுமி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். வேலாயி தன்மேல் கோபத்தோடுதான் போனாளா என்ற கேள்வி அன்றைக்கே அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த வருஷம் அணை கட்டி ஆற்றை மறித்தார்கள். கீழ்மலையெல்லாம் தண்ணீருக்குள் போக, உச்சிப் பாறை மட்டும் தீவாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, செல்லசாமியின் தோணியில் அதைப் பார்க்கக் கிளம்பியது. கூப்பிடாமலே நாகலெட்சுமியும் ஏறி உட்கார்ந்தாள்.

பாறையில் மூன்று சின்னக் குகைகள். மற்றவர்கள் முதல் இரண்டில் நுழைந்து கூவி விளையாட, இவள் மூன்றாவதற்குள் குனிந்து போனாள். கொழுந்தெடுக்கும்போது மழை வந்தால் இவளும் வேலாயியும் கூடையோடு ஒதுங்கிய இடம் அது. ஒவ்வொரு தடவையும் வெற்றிலை போட்டுவிட்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைச் சுவரில் பக்கம் பக்கமாகத் தீற்றுவார்கள். பெரிய பொட்டு வேலாயியின் கட்டைவிரல், சின்னது இவளுடைய ஆள்காட்டி விரல். சண்டைக்குப் பிறகு இவள் மலையிலேயே நின்று நனைந்தாளே தவிர, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தீக்குச்சி கிழித்துப் பார்த்தாள். சோடி சோடியாக இறங்கி வந்த பொட்டுகள் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தன. அதற்குக் கீழே பெரிய பொட்டுகள் மட்டும், ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இவள் விரலுக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

அந்த நாலு மாதத்தில் ஐந்து தடவை வேலாயி இங்கே வந்து காத்திருக்கிறாள். நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அத்தே, தோணி கெளம்பப் போவுது! வாங்க!" வெளியே செல்லசாமி கத்தினான்.

மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, முதல் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். பிறகு அடுத்தது. ஐந்தும் சோடியானதும், "வந்துட்டேன்டி" என்றாள். கேட்க வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.