மூன்றாம் மாடி ஓரத்து ஜன்னல்

அட்டையில் அச்சடித்த அந்தப் படத்தில் ஒரு ஜன்னல் மட்டும் இல்லை. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து அந்த இடம் வெள்ளையாகிவிட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம், முன்னால் மணலில் வரிசையாக நட்ட குடைகள், அதற்கும் முன்னால் கடல். இத்தாலி நாட்டில் ஏதோ ஒரு கடற்கரை ஓட்டல். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்று நாங்கள் சொல்லும் பகுதியில் இருந்த எங்கள் ஊருக்கு ரோடு ஏறி வராத காலத்திலேயே அந்த ஓட்டல் ஏறி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் என் அண்ணன்.

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம், அண்ணனும் எங்கள் அத்தை மகனும் சேர்ந்துதான் பட்டாளத்துக்குப் போனார்கள். சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு சுமந்து இறங்கியவர்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்படியே போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். அத்தை மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பாலம் போடும் பிரிவில் இருவரையும் சேர்த்து, கப்பலேற்றி, கடைசியில் இத்தாலியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஓர் ஆற்றில் பாலம் போடும்போது குண்டு விழுந்து அத்தை மகன் இறந்துபோனார். அண்ணனுக்கு ஒரு காது போயிற்று. அடிபட்டவர்கள் தேறுவதற்கென்று ராணுவம் எடுத்து வைத்திருந்த கடற்கரை ஓட்டலுக்கு அவரை அனுப்பினார்கள்.

சாவுச் செய்தி சர்க்கார் காகிதமாக ஊருக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் உடலைப் பார்க்காத சாவுக்கு, கூட இருந்தவன் வந்து ஊர் நடுவில் சொன்ன பிறகுதான் கருமாதி என்பது எங்கள் ஊர் வழக்கம். கருமாதி ஆகிவிட்டால் புருஷனை இழந்த பெண்ணை அவள் அப்பா அழைத்துப் போய் வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கலாம். அதில் எங்களுக்குள் குறைச்சல் ஒன்றும் கிடையாது. அத்தையின் மருமகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இருபது வயதுகூட இருக்காது. அண்ணன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

அண்ணன் வந்தார். சண்டையைப் பற்றி யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டலைப் பற்றி மட்டும் பேசினார். குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வருமாம். மெத்தை ஆளை உள்ளே இழுக்கிறதே என்று பயந்து தரையில் போர்வை விரித்துப் படுத்தாராம். கடல் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். "சாமைக் காடு காத்துல அலையடிக்குமில்ல கண்ணு, அதாட்டம். ஆனா முடிவே இல்ல" என்றார். படத்தை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "என்ற பையன் இதையெல்லாம் பாத்தானா சாமி?"

அந்த முகத்தை நானும் பார்த்தேன். இல்லை என்று சொல்ல என்னாலும் முடிந்திருக்காது. "பாத்தாருங்க அத்தை. ஒரே ரூம்புலதான் இருந்தோம்" என்று சொல்லி, மூன்றாம் மாடி ஓரத்து ஜன்னலைத் தொட்டுக் காட்டினார் அண்ணன். அது அவர் மட்டும் தங்கியிருந்த அறை. சாவதற்கு முன் மகன் நாலு நாள் நன்றாக இருந்தான் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னார். அத்தனைதான் அவர் நினைத்தது.

அத்தை மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்தாள். சோற்றுக்குக் காசு கொடுத்தீர்களா என்றாள். இல்லை என்றார் அண்ணன். படுக்கைக்கு? அதற்கும் இல்லை. யார் பரிமாறியது? ஒரு பெரியம்மாவும் அவர் மகளும். அத்தை உடனே கணக்குப் போட்டுவிட்டாள். "காசு வாங்காம மெத்தை போட்டு, மகளை உட்டுப் பரிமாறச் சொல்றாங்கன்னா அது எதுக்கு? என்ற பையனை ஊட்டோட மாப்பிள்ளையாக்கிக்கிட்டாங்க. அதான் இவன் மட்டும் தனியா வந்திருக்கான்."

கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். ஆனால் ஓட்டலே இல்லாத மலை அது. அந்நியன் ஒருவனுக்கு நாள்கணக்கில் சோறும் படுக்கையும் போட்டால், பெண் கொடுக்கப்போகிறார்கள் என்றுதான் எங்களுக்கும் தெரியும். ராணுவம் செலவைக் கட்டியது என்று அண்ணன் சொன்னது யார் மண்டையிலும் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் பாதி ஊர் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டது.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அக்காவின் அப்பா எடப்புளி நாட்டிலிருந்து நடந்து வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணன் உண்மையைச் சொன்னார். "மச்சான் அந்த ஓட்டலுக்கே வரலீங்க. அதுக்கு முந்தியே ஆத்துல, என்ற கண்ணு முன்னால போய்ட்டாருங்க." சொல்லிவிட்டு அழுதார். போர் முடிந்து வந்தபின் அவர் அழுதது அன்றுதான்.

அத்தை அழவில்லை. "முந்தாநேத்து ரூம்புல இருந்தவன் இன்னைக்கு ஆத்துல செத்துட்டானா? தங்கச்சி முறைக்காரியைக் கரையேத்தறதுக்கு என்ற பையனைக் கொல்றான்!" என்று கத்தினாள். ஊர்க்கவுண்டர் நல்ல மனிதர்தான். "ஒரு வாயில ரெண்டு சொல்லு வந்தா நான் எதைப்பா புடிக்கிறது?" என்றார். காகிதம் இருக்கிறதே என்றார் அக்காவின் அப்பா. "காகிதத்துக்குக் கண்ணு இருக்குதுங்களா? பெத்தவ ஒத்துக்காம கருமாதி இல்லீங்க" என்றார் கவுண்டர். ஊர் எழுந்துவிட்டது. அக்கா தலை நிமிரவே இல்லை. அவள் அப்பா வந்த வழியே தனியாகத் திரும்பிப் போனார்.

எனக்கு இன்றும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அத்தை மேல் பட முடியாது, அண்ணன் மேலும் முடியாது. தினமும் காலையில் அத்தை, அண்ணனிடம் வாங்கி வைத்துக்கொண்ட படத்தை மடியில் வைத்து, அந்த ஜன்னலில் விரலை வைத்து மகனைத் திட்டுவாள். "கட்டினவளை உட்டுட்டு அங்க என்ன மெத்தை வேண்டிக் கிடக்குது? வாடா ஊட்டுக்கு." பக்கத்து வீட்டில் அண்ணன் கேட்கும் காதைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். அத்தை சாகும்வரை இது நடந்தது. தாய்க்கும் மகனுக்கும் ஒரே நாளில் கருமாதி செய்தார்கள். அதற்குள் அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. கூப்பிட்டுப் போக அப்பாவும் இல்லை.

இப்போது மலையில் லாட்ஜுகள் வந்துவிட்டன. வெளியூர்க்காரர்கள் ரோட்டு வளைவுகள் ஏறி வந்து, காசு கொடுத்துப் படுத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் யாருக்கும் மாப்பிள்ளை ஆவதில்லை. போன தை மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். படம் அவளிடம்தான் இருந்தது, இனி நீ வைத்துக்கொள் என்று எடுத்து நீட்டினாள். "அவர் அங்கே போகவே இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமேக்கா, இதை எதுக்கு இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஆத்துக்குப் படம் இல்லையே கண்ணு" என்று சொல்லி, வெள்ளையாகிப்போன இடத்தில் விரலை வைத்தாள்.