அப்பாசாமியின் லண்டன் வயர்

காஜா பெராங் வட்டாரத்து டாக்சிக்காரர் அப்பாசாமிக்கு ஒரு பொருளின் தரம் தெரிய வேண்டுமானால், முதலில் அதன் விலை தெரிந்தாக வேண்டும். வாழைப்பழமானாலும் சரி, வேட்டியானாலும் சரி, கடைக்காரர் விலையைச் சொன்னதும், "இதவிட ஒசத்தி இல்லையா?" என்று கேட்பார். மலாக்கா ஊரிலேயே விலையைக் கூட்டிக் கேட்கிற மனிதர் அவர் ஒருவர்தான். அவரைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். அதை மரியாதை என்று அவர் நம்பினார். நாமும் அப்படியே விட்டுவிடுவோம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஐம்பத்தேழாம் வருஷம் அது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, அப்பாசாமி ஒரு கார் ரேடியோவை வாங்கித் தம்முடைய மோரிஸ் டாக்சியில் மாட்டிக்கொண்டார். ஸ்டாண்டில் ரேடியோ பாடுகிற வண்டி அது ஒன்றுதான். முதல் வாரம் முழுக்க அவருக்கு நடையே மாறிப்போயிருந்தது. இரண்டாம் வாரம் குறை சொல்ல ஆரம்பித்தார். பாட்டு கேட்கிறது, ஆனால் தெளிவு இல்லையாம். செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிக்கிறாராம். ஆகவே சத்தத்தைக் கூட்டினார். பின்னால் உட்கார்ந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டில் சொக்கிப் போய்த் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று இவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று அவர் மனத்துக்குள் இருந்தது. சவாரிக்காரர்களும் கொஞ்ச நாளாகக் கிணற்றுக்குள்ளிருந்துதான் பேசினார்கள். சந்தைக்குப் போகவேண்டிய ஒரு சீனத்து அம்மாள் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே ஊருக்கு வெளியே இருக்கிற பத்து பெரெண்டாம் வரை போய்வந்திருக்கிறாள். போன வருஷம் கண் மங்கிவிட்டது என்று ஒரு டாக்சிக்காரருடைய லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த மனிதர் இப்போது கடலை விற்கிறார்.  வயரில் கோளாறு என்றால் வயரை மாற்றிக்கொள்ளலாம். காதில் கோளாறு என்றால் இருபது வருஷத்துப் பிழைப்பு போச்சு. எனவே கோளாறு வயரில்தான் இருந்தாக வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி, கலியாணசுந்தரம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. அதனால்தான் கடை இன்னும் ஒற்றைக் கதவோடு இருந்தது. வண்டியில் ரேடியோவை மாட்டித் தந்தவனும் அவன்தான் என்பதால், அப்பாசாமி அவனிடமே போய் வயரைக் குறை சொன்னார்.

"அண்ணே, செட்டும் நல்லாருக்கு, ஸ்பீக்கரும் நல்லாருக்கு. நடுவுல போற வயர்ல என்னா இருக்கு? செம்புக் கம்பிதானே? வாசல் மணிக்குப் போடுற வயரப் போட்டாலும் இதேதான் பாடும்."

"நீ போட்ட வயர் கெஜம் என்னா வெல?"

"முப்பது காசு."

"அதான பாத்தேன். முப்பது காசு வயர்ல முப்பது காசு சத்தம்தான் வரும்."

நேரே இன்னொரு பெரிய கடைக்குப் போனார். அந்த முதலாளிக்குப் பொய் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. பட்டுநூல் பின்னிய, முலாம் பூசிய கம்பியை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, பச்சைக் குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். லண்டன் சரக்கு, இரண்டு கெஜம் பதினெட்டு வெள்ளி. "இதவிட ஒசத்தி இல்லையா?" என்று அப்பாசாமி கேட்டார். இருபத்தைந்து என்று சொல்லியிருக்கலாமே என்று அந்த முதலாளி இன்றுவரை வருத்தப்படுவதாகக் கேள்வி.

வயரோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி கமலவேணி வாசலிலேயே மறித்தாள்.

"ஆடி மாசத்துல புதுசா எதையும் மாட்டக் கூடாதுங்க. ஆவணி பொறக்கட்டும்."

இதை அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அடுத்த வீட்டு நாய் எழுந்து ஓடியது.

அதனால் லண்டன் வயர் சாமி மாடத்தில் குடியேறியது. அங்கே இருப்பதற்கெல்லாம் பொட்டு வைப்பது கமலவேணியின் வழக்கம். வயருக்கும் மஞ்சளும் குங்குமமும் ஏறின. ஆடி வெள்ளிக்குக் கூழ் குடிக்க வந்த பெண்கள், படங்களுக்கு நடுவே பட்டுச் சுற்றிய வளையத்தைப் பார்த்து, எந்த அம்மன் என்று விளங்காவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆவணி பிறந்தது. ஊரெங்கும் தோரண வளைவும் கொடியுமாகச் சுதந்திர நாளுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அன்றைய விழாவை அப்பாசாமியின் டாக்சியைச் சுற்றி நின்றுதான் கேட்பது என்று கம்பத்து ஜனம் முழுக்கப் பேசி வைத்திருந்தது. அதற்குள் வயரை மாற்றிவிட வேண்டும் என்று அவர் துடித்தார். கலியாணசுந்தரம் சாமான் பையோடு வந்தான். கூடவே டாக்சி ஸ்டாண்டு கூட்டாளி யூனுஸ் பாயும் வேடிக்கை பார்க்க வந்தார்.

"அண்ணே, கண்ண மூடிக்குங்க," என்றான் கலியாணசுந்தரம். "ரெண்டு வயரையும் மாத்தி மாத்திப் போடுறேன். எது லண்டன், எது முப்பது காசுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பாசாமிக்குப் பகீர் என்றது. கொஞ்ச நாளாக அவர் கேட்பதெல்லாம் கண்ணால்தான். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு சோகமா குஷியா என்று கண்டுபிடிப்பார்.

"டிரைவர் கண்ண மூடலாமாடா? வெளங்குமா?" என்று எகிறினார்.

சரி, திறந்தே இருக்கட்டும் என்று முடிவானது. முதலில் பழைய வயரில் ஒரு பாட்டு ஓடியது. அப்பாசாமி முகத்தைச் சுளித்தார். அப்புறம் ரேடியோவை நிறுத்தி, லண்டன் வயரைப் பூட்டி, கலியாணசுந்தரம் குமிழைத் திருப்பினான். அந்தக் காலத்து ரேடியோ திருப்பியவுடன் பாடாது. உள்ளே வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் சும்மா இருக்க முடியாமல், யூனுஸ் பாய் பழைய பாட்டை மனத்துக்குள் ஓட்டியபடி கதவில் தாளம் போட்டார்.

அப்பாசாமி அதைப் பார்த்தார். உடனே தலை ஆட ஆரம்பித்தது.

"ஆஹா! இதுல்ல வயர்! மிருதங்கம் தனியா நிக்கிது பாருங்க பாய்!"

யூனுஸ் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கலியாணசுந்தரம் வண்டிக்கு வெளியே போய்க் குனிந்து சிரித்தான். தமாஷ் பண்ணுகிறார் என்றே இரண்டு பேரும் நினைத்தார்கள். அதற்குள் வால்வு சூடேறி ரேடியோ பேச ஆரம்பித்தது. வந்தது பாட்டே இல்லை. ரப்பர் விலை நிலவரம். முதல் தரம் ராத்தல் என்ன விலை, இரண்டாம் தரம் என்ன விலை என்று ஒருவர் வாசித்துக்கொண்டு போனார். அப்பாசாமி கண் கிறங்கி, தொடையில் தட்டி, ரப்பர் விலைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

யூனுஸ் பாயின் சிரிப்பு பாதியில் நின்றது. கலியாணசுந்தரம் நிமிர்ந்தான். இரண்டு முகங்களும் மாறிப்போனதைப் பார்த்ததும் அப்பாசாமியின் கையும் நின்றது. என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

காப்பி கொண்டுவந்த கமலவேணி வாசற்படியிலேயே நின்றாள்.

"பாய், அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

அவள் வாயசைவைப் பார்த்த அப்பாசாமி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வரமாட்டேன். ஆஸ்பத்திரின்னா கவர்மெண்டு. நாளைக்கே லைசென்சு போயிரும்." 

"ஆஸ்பத்திரி வேணாம்பா!" யூனுஸ் பாய் அவர் காதருகே போய்க் கத்தினார். "பொன்னுதுரை டிரசர் வீட்டுக்குப் போவோம். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம்!"

அவர் கத்தியதில் ரகசியம் ஜாலான் காஜா பெராங் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பொன்னுதுரை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண் கழுவி மருந்து கட்டும் டிரசராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாசாமியை முக்காலியில் உட்காரவைத்து, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறனீரோ?" என்று சத்தமாகக் கேட்டார்.

கமலவேணி முந்திக்கொண்டாள். "சனிக்கிழம தவறாது. காதுக்குள்ளயும் நல்லெண்ணெய் ஊத்திருவேன். சளி புடிக்கக் கூடாதுன்னு பஞ்சும் அடச்சிருவேன்."

"திருப்பி எடுக்கிறது ஆர்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் அவளைப் பார்த்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரும் பீச்சாங்குழலுமாகக் கால் மணி நேரம் வேலை நடந்தது. இடது காதிலிருந்து ஒன்று, வலது காதிலிருந்து மூன்று என்று எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கறுத்த பஞ்சு உருண்டைகள் கிண்ணத்தில் வந்து விழுந்தன. ஒன்றில் தீபாவளிச் சீயக்காய் வாசம்கூட வந்ததாக யூனுஸ் பாய் இன்றும் சத்தியம் பண்ணுவார்.

கடைசி உருண்டை விழுந்ததும் அப்பாசாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. லைசென்ஸ் போகாது, கடலை விற்க வேண்டாம் என்று நினைத்ததும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். யாரும் கேலி செய்யவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் தம் வண்டியில் ஏறி, வழக்கம்போல் ரேடியோவைத் திருப்பினார். அரை நிமிஷம் கழித்து அது அலறிய அலறலில் இருக்கையிலிருந்து எழும்பி, கூரையில் தலையை முட்டிக்கொண்டார். கலியாணசுந்தரம் சத்தத்தைக் குறைத்து, முப்பது காசு வயரையும் ஒரு தடவை மாட்டிக் காட்டினான். எந்த வித்தியாசமும் இல்லை. அதே பாட்டு, அதே மிருதங்கம்.

"இப்ப சொல்லுங்கண்ணே. பதினெட்டு வெள்ளி தண்டம்தானே?"

"என்னா தண்டம்?" அப்பாசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒன் வயரயே வச்சிருந்தா இன்னைக்கு நீங்க சிரிச்சிருப்பீங்களா? சிரிக்கலன்னா நான் டிரசர் வீட்டுக்குப் போயிருப்பேனா? காதக் கொடுத்த வயர்டா இது. லண்டன் லண்டன்தான்!"

அவரோடு வண்டியில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த கமலவேணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் காதில் விழாது என்று அத்தனை மாதமும் பழகிவிட்ட தைரியத்தில், தனக்குள்ளே சொல்வதுபோல் சொன்னாள்.

"இந்த மனுசனுக்குக் காது வந்து என்னா, எப்பதான் புத்தி வரப்போகுதோ."

எவ்வளவு மெல்லச் சொன்னாலும் ஒரு எழுத்து விடாமல் அவர் காதில் விழுந்தது. அப்பாசாமி ரேடியோவை நிறுத்தினார்.

"இன்னொரு தரம் சொல்லு," என்றார். "மெதுவாவே சொல்லு."