எனக்குத் தெரியாது என்பதற்கு அத்தாட்சி

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்களிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. ஏழரை மணிக்கு வண்டி வர வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரவல்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். பீர்க்கன்கரணையில் பதினாறு பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். வேன் என் பெயரில், ஓட்டுவதும் நானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சேவியர் வந்தான். நண்பன் ஊரப்பாக்கத்துக்கு வீடு மாற்றுகிறான், சாமான் ஏற்ற வேண்டும் என்று சாவி கேட்டான். கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்கிக்கொண்டா சாவி கொடுப்போம்?

ஜி.எஸ்.டி. ரோட்டில் சுங்க அதிகாரிகள் மடக்கியபோது சீட்டுகளுக்கு அடியில் இருந்தவை கடத்தல் சிகரெட் பெட்டிகள். தம்பியையும் பிடித்தார்கள், வேனையும் பிடித்தார்கள். திங்கள் காலை பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றன. உண்மையைச் சொல்ல வாய் வராமல் வண்டி ரிப்பேர் என்றேன். ஒரு பிள்ளையின் அம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்காவது வந்துடும்ல அக்கா?"

நல்லவள் சான்று

வேனைத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்தேன். உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளரே நிரூபித்தால்தான் விடுவோம் என்றார்கள். தெரிந்ததை நிரூபிக்கலாம். தெரியாததை எதைக் காட்டி நிரூபிப்பது? ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ், சர்ச் ஃபாதர் கொடுத்த நன்னடத்தைச் சான்று, பெற்றோர் கையெழுத்திட்ட தாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அதிகாரி பொறுமையாகப் படித்தார். "நீங்க நல்லவங்கன்னு இதுல இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாதுன்னு எதுலயும் இல்லையே."

தம்பியின் வாக்குமூலம்

மனு தள்ளுபடி. அப்பீலுக்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர்தான் தம்பியின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். 'அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போனேன்' என்று இருந்தது. பொய்யில்லை. என்ன சொன்னான் என்பது மட்டும் அதில் இல்லை. ஜாமீனில் வந்திருந்தவன் வீட்டுக்குப் போய், முழுசாக எழுதிக் கொடுடா என்று கெஞ்சினேன். அவன் மனைவி கதவருகில் நின்று சொன்னாள்: "இன்னொரு தடவ எழுதினா இவரே எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் அண்ணி. உங்களுக்குப் போனது வண்டிதானே?"

விடுதலை

இரண்டு மழைக்காலம் போனது. பிள்ளைகள் வேறு வேன்களுக்குப் போய்விட்டன. ஒருநாள் தம்பி தானாகவே வக்கீலிடம் வந்து, வீட்டுச் சாமான் என்றுதான் அக்காவிடம் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமலே போனான். அதை வைத்து அப்பீல் ஜெயித்தது.

உத்தரவோடு மெக்கானிக் அன்வரையும் கூட்டிக்கொண்டு சுங்க இலாகா கிடங்குக்குப் போனேன். வேன் திறந்தவெளியில், டயர் நான்கும் மண்ணில் புதைந்து நின்றது. சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. அன்வர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், உடனே மூடினார். "அக்கா, இதுல இப்ப ஓடினு இருக்கிறது எலி மட்டும்தான்."

இன்று சட்டத்தின் கண்ணில் நான் நிரபராதி, பிழைப்பில் அடுத்த தெருக்காரர் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா.