பொத்தை மேல் கேட்ட எண்

மார்கழியில் எங்கள் ஊரில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கு சொந்தமாக ரேடியோ செட் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் நாங்கள் தொண்டாகப் போவோம். சங்கரன்கோவிலில் புறப்பட்டு, புளியங்குடி தாண்டி மலையடிவாரம் வரை ஓட வேண்டும். அடிவாரத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அங்கே நிற்பவர் கைச்செட்டில் பேசுவது ஊருக்கு எட்டாது. அதனால் நடுவிலுள்ள பொத்தையில், அந்தச் சிறு பாறைக்குன்றின் உச்சியில், ஒருவர் உட்கார்ந்து இரு பக்கமும் செய்தியை வாங்கிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் நான்.

என் மனைவி அன்று முதன்முறையாக ஓடினாள். தாலுகா ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவள். சர்க்கரை வந்த பிறகுதான் ஓடத் தொடங்கினாள்.

பனி விலகாத நேரம். அடிவாரத்துக் கால்வாய்ப் பாலத்தில் நின்ற கடையநல்லூர் நண்பர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒரு அம்மா விழுந்து கெடக்காவ. ஆம்புலன்ஸ் வேணும்."

சட்டையில் குத்தியிருந்த ஓட்ட எண்ணைக் கேட்டேன். சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னேன். அதே எண்தான்.

ஊருக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு, "முழிச்சிருக்காவளா?" என்றேன்.

"கண்ணு தொறக்காவ. பேச்சு இல்ல."

"சுகர் உண்டு. வாயில எதையும் ஊத்திராதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரி."



கீழே என் பைக் நின்றது. ஏறினால் போய்விடலாம். அதற்குள் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள்: பனியில் ஆம்புலன்ஸ் பாதை மாறி எலுமிச்சைத் தோட்டங்களுக்குள் போய்விட்டதாம். சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து டிரைவர் போனில் சொன்ன அடையாளங்களை அவர்கள் சொல்ல, நான் பாலத்துக்குச் சொன்னேன். நண்பர் வழி சொல்ல, அதை ஊருக்குத் திருப்பினேன்.

"வண்டி வந்துட்டு அண்ணாச்சி. ஏத்திட்டோம்."

கடைசி ஆள் ஓடி முடிக்கும்வரை பொத்தையில் என்னை மாற்றிவிட ஆள் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிட்டதாம். நல்ல வேளையாக நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்றார் டாக்டர். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நீங்க பொத்தைய விட்டு எறங்கியிருந்தா வண்டி வந்திருக்காது. எனக்குப் புரியுது," என்றாள். பிறகு மெதுவாக, "ஆனாலும், யார் யாரோ நின்னாவ. அதுல ஒங்கள மட்டும் தேடிக்கிட்டே கெடந்தேன்," என்றாள்.



பொங்கல் கழிந்து மறுபடி ஓடக் கிளம்பினாள். மாத்திரையை டாக்டர் மாற்றியிருந்தார், சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருந்தாள். ஆனாலும் மனசு கேட்காமல் பின்னாலேயே மெல்ல வண்டியில் போனேன். இரண்டாம் நாள் நின்று திரும்பினாள்.

"வேண்டாம், நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.