கடலுக்குப் போகும் வருத்தம்

லண்டனில் பாய்ப்படகு ஓட்டும் காலம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. அதிலிருந்து மழை, காற்றில்லாத நாள், கலியாணவீடு, பிறந்தநாள் விழா எல்லாவற்றையும் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. மற்ற மாதங்களில் படகைக் கவிழ்த்துவைத்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஓய்வு பெறும்வரை நான் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். அனுமதியில்லாமல் கட்டிய சமையலறைகளை இடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது என் வேலை. ஓய்வுபெறுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு பயிற்சி ஒருநாள் இலவசம் என்று அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. மற்றவர்கள் கேக் அலங்காரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான், நாங்கள் குடியிருக்கும் இல்ஃபோர்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஓர் ஏரிக்குப் போனேன். சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியதும் அதற்கு ஏரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் என்னைச் சிறிய படகொன்றில் ஏற்றி, பாயின் கயிற்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். படகு உடனே புறப்பட்டது. உத்தியோக காலத்தில் நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் இவ்வளவு விரைவாகப் பதில் கிடைத்ததில்லை.

இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பேச்சில் இதற்கு ஒரு பெயர்தான் உண்டு: கடலுக்குப் போறது. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் போவது பொழுதுபோக்கு அல்ல, தொழில். அந்தத் தொழிலுக்குரிய ஆட்கள் வேறு, நாங்கள் வேறு என்பதில் என் உறவினர்கள் மிகத் தெளிவாக இருந்தார்கள். சைக்கிளில் போய்வரும் தூரத்தில் கடல் இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நீந்தப் பழகவில்லை. அந்தப் பாகுபாட்டைப் போர், அகதி விண்ணப்பம், மூன்று விமான நிலையங்கள் எல்லாம் தாண்டி ஒரு கீறலும் விழாமல் லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நான் போனது ஏரிக்கு என்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "எக்சர்சைஸுக்குப் போயிட்டார்" என்று என் மனைவி சொல்லிவந்தாள்.

குளிரில் என் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். மார்ச் மாதத்தில் ஒருநாள் அவசரப்பட்டுப் படகை இறக்கினேன். கயிறு கையில் இருக்கிறதா இல்லையா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது படகு கவிழ்ந்தது. டொக்டர் விரல்களைத் திருப்பிப் பார்த்து, இந்த நோய்க்கு வைத்திருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வசதியிருந்தால் சூடான நாட்டுக்குப் போய் இருங்கள் என்று சிரித்தார். அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன்.

போர்த்துகலின் தெற்குக் கரையில் வருடம் முழுவதும் பாய்ப்படகு ஓட்டலாம். ஓய்வூதியக்காரருக்கான விசா, மருத்துவக் காப்புறுதி, இங்குள்ள வீட்டை வாடகைக்கு விடுவது, அங்கே வீடு எடுப்பது என்று எதை எந்த அலுவலகத்தில் எந்த ஒழுங்கில் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் படித்து முடித்தேன். கடைசியாக மிஞ்சியது, திட்டமிடல் பிரிவில் நாங்கள் சொல்வதுபோல, பாதிக்கப்படக்கூடிய அயலவருக்கு அறிவித்தல். ஒரு சனிக்கிழமை காலை, மனைவி வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அறிவித்தேன்.

"வருஷம் முழுக்கவோ?" என்றாள்.

"ஓம். டிசம்பரிலயும் பாய் விரிக்கலாம்."

"பாய் விரிக்கிறதெண்டா மேல் அறையில விரிச்சுப் படுங்கோவன். அதுக்கேன் விசா?"

"உமக்கு வெயில் பிடிக்கும்தானே?"

"வெயிலை ஆர் வேண்டாமெண்டது? அண்ணைக்கு என்ன சொல்லுறது?"

அவளுடைய அண்ணன் லண்டனின் தெற்குக் கோடியில், சட்டனில் இருக்கிறார். கணக்காளர். தாய் தகப்பன் போன பிறகு குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்குத் தேர்தல் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

"இவர் கடலுக்குப் போகவேணுமாம், அதுக்காக நாட்டை விட்டுப் போறம் எண்டு நான் அண்ணைக்குச் சொல்லமாட்டன்" என்றாள் மனைவி. "சொல்லக்கூடிய காரணம் ஒண்டு இருந்தா வாறன். இல்லையெண்டா நீங்கள் தனியப் போங்கோ."

தனியாகப் போவதற்கும் விதிகளில் இடம் இருந்தது. அதையும் பார்த்துவைத்திருந்தேன். ஆனால் ஈரக் காற்சட்டையோடு ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகப் போர்த்துகல் வரை போகவேண்டியதில்லை. அவள் வராவிட்டால் நானும் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதை அவளுக்கு அறிவிக்கவில்லை.

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். மனோர் பார்க் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்றவரிடம், "இவருக்குக் குளிர் கூடாதாம். டொக்டர் சூடான நாட்டுக்குப் போகச் சொல்லிப்போட்டார்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கவுன்சில் அறிக்கைகளைப் படித்துப் பழகிய எனக்கே அது நல்ல வாக்கியமாகப் பட்டது.

பிழை எங்கே என்றால், அவள் வருத்தத்தின், அதாவது நோயின், பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் சீனி வருத்தத்தை அளவோடு சொல்வார்கள். பிரஷர், முழங்கால், பித்தப்பைக் கல் எதையும் ஒளிக்கமாட்டார்கள். பெயர் சொல்லாமல் விடுவது ஒரே ஒரு வருத்தத்தைத்தான். பெயரில்லாமல் டொக்டர் சொன்னதை மட்டும் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு கேட்காமல் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பெண்மணியும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிரசாதம் வாங்கக் கை வேண்டியிருந்ததால் மனைவி விடுவித்துக்கொண்டாளாம்.

எலிசபெத் லைன் ரயிலில் செய்தி அன்றைக்கே இல்ஃபோர்டுக்கு வந்தது. சட்டனுக்கு அந்த லைன் போவதில்லை. செய்தி போய்விட்டது.

காற்றில்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் முன்னறையில் சோஃபாவில் உட்கார்ந்து படகின் சுக்கானுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆக்கள் வருகினம். அதை மூடுங்கோ!"

மூடுவதற்குக் கிடைத்தது சோஃபாவில் கிடந்த கம்பளிப் போர்வை. சுக்கான் என் மடியில் இருந்தது. வந்தவர்கள் கண்டது, ஜூன் மாதத்தில் இடுப்புவரை கம்பளி போர்த்திக்கொண்டிருந்த ஒரு மனிதனை.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் கணவனும் மனைவியும் முந்திரிகைப் பழமும், நோயாளிகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் மால்ட் மா ஒரு பேணியும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "முகத்தில ஒண்டும் தெரியேல்லை, என்ன?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பிடி இருந்த மனுஷன்" என்றார். கணவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணை, கதைக்க ஏலுமெண்டா மட்டும் சொல்லுங்கோ. கூரைக்குக் கீழ லொஃப்டில அறை கட்டப் பெர்மிஷன் எடுக்கவேணுமோ?"

"தெருப்பக்கம் ஜன்னலைத் தூக்கி வைச்சா வேணும்" என்றேன். "பின்பக்கம் எண்டா அளவைப் பொறுத்தது."

"இந்த நிலைமையிலயும்…" என்று அவர் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரத்தில் மச்சான் சட்டனிலிருந்து வந்து சேர்ந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து தங்கையுடன் பேசினார்.

"அங்கை எங்கட ஆக்கள் எத்தினை பேர்?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"கோயில்?"

"இல்லை."

"அங்கை ஒண்டு நடந்தா ஆர் செய்யிறது?"

அந்த 'ஒண்டு' நான்தான்.

"போர்த்துகலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இவரைச் சட்டனுக்குக் கொண்டுவா. கீழ் அறையை ஒதுக்கித் தாறன். படியேறத் தேவையில்லை. பிறகு நீயும் எங்களோடையே இருக்கலாம். இந்த வீட்டை வித்துப்போடலாம். அண்ணி உனக்கு மேல சின்ன அறையைப் பார்த்து வைச்சிருக்கிறா."

'பிறகு' என்ற இடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியதாக மனைவி சொல்கிறாள். இருக்கலாம். கூட்டங்களில் அப்படிப் பழகிவிட்டது.

மனைவி தேநீர்த் தட்டோடு நின்றாள்.

"எனக்கு எந்த அறை, அண்ணை?"

"பின்னுக்கு, பொய்லர் இருக்கிற அறை. நல்ல சூடு. உடுப்புக் காயப்போடுறது அதிலதான், ஆனா ஒரு கட்டில் பிடிக்கும்."

அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. சட்டனின் முடிவுக்கு மேன்முறையீடு கிடையாது. நான் வாய் திறக்கலாம். ஆனால் நோயாளி தனக்கு நோயில்லை என்று சொல்வதை எங்கள் ஆட்கள் நோயின் அறிகுறியாகத்தான் எடுப்பார்கள்.

மனைவி தட்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"அப்பிடித்தான் பிள்ளை நினைக்கவேணும். அதுதான் நல்லது."

"நினைக்கேல்லை அண்ணை, சொல்லுறன். விரல் குளிருது, அவ்வளவுதான். இவர் கடலுக்குப் போக ஆசைப்படுறார். வருஷம் முழுக்கப் போகப்போறார். நானும் போறன்."

சொல்லிவிட்டு என் மடியிலிருந்த போர்வையை இழுத்தாள். சுக்கானும் உப்புத்தாளும் எல்லோருக்கும் தெரிந்தன. முந்திரிகை கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்த வருத்தம்?"

"இதுதான் அந்த வருத்தம்" என்று மனைவி சுக்கானைக் காட்டினாள்.

மச்சான் அதைக் கையில் வாங்கினார். விளிம்பைத் தடவினார். தூக்கிப் பாரம் பார்த்தார். அவர் தங்கையை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். என்னைத்தான் கேட்டார்.

"மீன் பிடிப்பீரோ?"

"இல்லை, மச்சான்."

"ஒண்டும் பிடிக்கமாட்டீர்?"

"ஒண்டும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறீர்?"

"போய்ச் சுத்திப்போட்டுத் திரும்பி வாறதுக்கு."

அவர் சுக்கானைத் திரும்ப என் மடியில் வைத்தார்.

"அவங்களாவது மீனோட வருவாங்கள்" என்றார்.

'அவங்கள்' யார் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களைப் பற்றி அவர் நல்லதாக ஏதும் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

தேநீரைக் குடித்துவிட்டு எல்லோரும் போனார்கள். வருத்தமில்லாத ஆளுக்கு இது எதற்கு என்று அந்த அம்மா மால்ட் மாப் பேணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முந்திரிகையை விட்டுப்போனார். மச்சான் வாசலில் தங்கையிடம், "யோசிச்சுச் செய்" என்றார். "யோசிச்சிட்டன், அண்ணை" என்றாள்.

நான் கோப்பைகளைக் கழுவினேன். அவள் துடைத்தாள்.

"பொய்லர் அறையாம்" என்றாள். சற்று நேரம் கழித்து, "அங்கை ஒவ்வொரு நாளும் போவீங்களோ?" என்று கேட்டாள்.

"காத்து இருந்தாப் போவன்."

"இல்லாட்டி?"

"வீட்டில இருப்பன்."

அவள் ஒரு கோப்பையை உள்ளும் புறமும் துடைத்து அலுமாரியில் வைத்தாள்.

"நல்லாக் காத்து அடிக்கிற ஊராப் பாருங்கோ" என்றாள்.

நான் பார்த்துவைத்திருந்த ஊர், வயதானவர்களுக்கு ஏற்ற மெல்லிய காற்றுக்குப் பெயர்போனது. அந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்கே எழுதி அதைக் கைவிட்டேன். இன்னும் மேற்கே, மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும் ஓர் ஊரில் வேறொரு வீட்டைக் கண்டுபிடித்துப் படங்களைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுத்த நாள் இல்ஃபோர்ட் கடைத்தெருவுக்குப் போய், உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப்புகளில் ஆகப் பெரியதாகப் பார்த்து இரண்டு பைக்கற் வாங்கிக்கொண்டு வந்தாள்.