வலது கன்னத்தில் வெயில்

ரொட்டிக் கடை வேன் ஓட்டுகிறவளைச் சூரியகாந்தி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பின்னே, வெயில் அடிக்கிற பக்கம் பார்த்து வண்டியைத் திருப்புகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? “வழிப் பலகையை எவனாவது திருப்பி வச்சிருவான். சூரியனை எவன் திருப்புவான்?” என்பாள். பிடித்தால் பிடித்ததுதான்.

தங்கச்சி புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே இவள் போனதெல்லாம் காலையில், ரொட்டி இறக்கிய கையோடு. புது ரவுண்டானாவில் நாலு ரோடும் ஒரே அச்சு. வெயிலை வலது கன்னத்தில் வாங்குகிற ரோட்டில் நேரே விட்டால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டினால் தங்கச்சி வீடு. அவ்வளவுதான் வழி.

அன்றைக்குத் தங்கச்சி குழந்தைக்கு முதல் பிறந்தநாள். “அக்கா, நீ வந்து ஊட்டினாத்தான் கேக்கு. இருட்டினா குட்டி தூங்கிருவா, வந்துரு” என்று போனில் கெஞ்சியிருந்தாள். கடை வேலை முடிந்து, கேக்கில் தன் கையாலேயே கிரீம் பூ வைத்துக் கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பக்கத்து சீட்டில் அவள் வீட்டுக்காரர், மடியில் கேக் பெட்டி.

“ஏம்மா, போன்ல வழி பார்க்கட்டுமா?”

“சூரியனுக்குச் சார்ஜ் தீருமா? பெட்டியைக் கெட்டியா பிடிங்க.”

ரவுண்டானாவில் வெயில் வலது கன்னத்தில் பட்டதும் விட்டாள் ஒரு விடு. வரவேண்டிய தண்ணீர்த் தொட்டி வரவில்லை. கல் உடைக்கிற ஆலைதான் வந்தது.

“உன் தங்கச்சி வீட்டு வழியில இது எப்ப முளைச்சுது?”

வண்டியை ஓரம்கட்டிக் கன்னத்தைத் தடவினாள். அடக் கடவுளே! காலையில் கிழக்கே இருந்த சூரியன் இப்போது மேற்கே அல்லவா இருக்கிறது? நேர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறார்கள்.

“நான் சரியாத்தான் வந்தேன். அவர்தான் இடம் மாறிட்டார்.”

“ஆமா, பாவம், இன்னைக்குத்தான் முதல்முதலா மாறினார்!”

வண்டியைத் திருப்பினாள். பாதி வழியில் சூரியனும் கைவிட்டது. குட்டி தூங்கியிருப்பாளோ என்று வேகத்தைக் கூட்டினாள். மேற்கே வெள்ளி பளிச்சென்று முளைத்தது. அதை இடது கன்னத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டினாள். தண்ணீர்த் தொட்டி வந்ததும்தான் மூச்சு வந்தது.

வாசலில் தங்கச்சி, அவள் தோளில் கண் சொருகிக் கிடந்தது குழந்தை. சூரியகாந்தி பெட்டியைத் திறந்து, விரல்நுனியில் கிரீமைத் தொட்டு அதன் உதட்டில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. ஒரு கண் திறந்தது. அப்புறம் ஒரு கை நீண்டு, கிரீம் பூவைப் பிடுங்கிக்கொண்டது.

“இவ்வளவு நேரம் எங்கேக்கா போயிருந்தே?”

வீட்டுக்காரர் ஆவலாக வாயைத் திறந்தார். சூரியகாந்தி பெரிய கேக் துண்டாகப் பார்த்து அந்த வாயில் அடைத்தாள்.